‘தாவீது ராஜாவுக்கு ஓர் ஓடு கூட சாட்சி இல்லை’ என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு

பாளை எஸ்தர் | காலை 6:52

நேற்று ராத்திரி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பேச்சு வந்தது. மேடையில் ஒருவர் அடித்துச் சொல்கிறார்: தாவீது என்று ஒரு ராஜா இருந்ததே இல்லையாம், மூவாயிரம் வருஷத்தில் ஓர் உடைந்த ஓட்டில்கூட அவர் பெயர் கிடையாதாம், பின்னால் வந்த ஆசாரியர்கள் கட்டிய கதையாம். கைதட்டல் வேறு. கல்லூரி இரண்டாம் வருஷம் படிக்கிற என் தங்கை மகன் அதைக் கேட்டுவிட்டு, “பெரியம்மா, நீங்க ஞாயிறு பள்ளியில சொன்னதெல்லாம் அப்போ பொய்யா?” என்றான். எனக்குத் தூக்கமே போய்விட்டது.

விசுவாசத்தை ஒரு பக்கம் வையுங்கள். ஒரு விஷயத்தைப் பேசுகிறவர் அதைப் படித்துவிட்டுப் பேச வேண்டாமா? 1993 ஜூலையில் இஸ்ரேலின் வடகோடியில், எர்மோன் மலையடிவாரத்தில் இருக்கிற தெல் தாணில், ஆவ்ரஹாம் பிரான் நடத்திய அகழாய்வில் ஒரு கருங்கல் துண்டு கிடைத்தது. கி.மு. 9-ஆம் நூற்றாண்டு. அரமேய மொழி. அதில் ‘தாவீதின் வீடு’ என்று எழுதியிருக்கிறது. யூதர்கள் எழுதிய கல்லும் இல்லை, அவர்களைத் தோற்கடித்தேன் என்று எதிரி ராஜா பெருமையடித்து வைத்த கல். எதிரி சொன்ன சாட்சிக்கு மேலே என்ன வேண்டும்?

மறுகேள்வி | காலை 7:31

அக்கா, அந்தப் பேச்சாளர் ‘ஓர் ஓடு கூட இல்லை’ என்றது அதிகப்படி. அதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் நீங்களும் பாதியை மட்டும் சொல்கிறீர்கள். அந்தக் கல்லில் சொல்லுக்குச் சொல் நடுவில் ஒரு புள்ளி வைத்திருக்கிறார்கள். ‘இஸ்ரவேலின் ராஜா’ என்ற இடத்தில் ராஜாவுக்கும் இஸ்ரவேலுக்கும் நடுவில் புள்ளி இருக்கிறது. நீங்கள் ‘தாவீதின் வீடு’ என்று படிக்கிற இடத்தில் ‘வீடு’க்கும் ‘தாவீது’க்கும் நடுவில் புள்ளி இல்லை. அடுத்தடுத்த இரண்டு வரி. ஒன்றில் புள்ளி, ஒன்றில் இல்லை. ஏன்?

இதைக் கேட்டது நான் மட்டும் இல்லை. வேதாகம ஆராய்ச்சியாளர் ஃபிலிப் டேவிஸ் 1994-லேயே எழுதியிருக்கிறார். ‘பெத்’ என்றால் வீடு. அது பெத்தேல், பெத்லகேம் மாதிரி ஓர் ஊர்ப் பெயராக இருக்கலாம். நீங்கள் ‘தாவீது’ என்று படிக்கிற மூன்று எழுத்தும் மெய்யெழுத்து, உயிர் குறிக்கப்படவில்லை. ‘தோத்’ என்று படித்தால் அன்பன், இல்லாவிட்டால் அப்பாவின் உடன்பிறந்தான். ‘தூத்’ என்று படித்தால் அண்டா. புள்ளி எங்கே என்று சொல்லிவிட்டு அப்புறம் சாட்சி என்று சொல்லுங்கள்.

கல்லெழுத்து | காலை 8:10

வந்துவிட்டார். முன்பு எரிகோ மதில் விவாத இழையில் வேறு ஏதோ நாட்டுச் சுவரின் படத்தைப் போட்டு ‘இதுதான் எரிகோ’ என்று மூன்று நாள் சாதித்தவர் இன்று புள்ளி எண்ணுகிறார்.

எஸ்தர் அம்மா, நீங்கள் கவலைப்பட வேண்டாம். இவருக்கு நான் பதில் சொல்கிறேன். பதினொரு வருஷம் ஊர் ஊராகப் போய்க் கல்வெட்டுக்கு மைப்படி எடுத்தவன் நான். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷ்ஷால் அடித்து அடித்துக் குழிக்குள் இறக்கி, மேலே மையொற்றி, தாள் காய்கிற வரைக்கும் வெயிலில் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும், கல்லில் எது எழுத்து, எது கீறல் என்று.

தெல் தாண் கல்லின் 9-ஆம் வரியைப் பெரிய படத்திலிருந்து நானே டிரேசிங் தாளில் பென்சிலால் எடுத்து வைத்திருக்கிறேன். ஆறு எழுத்து: பேத், யோட், தௌ, டாலெத், வௌ, டாலெத். தமிழ் வேதாகமத்தில் 119-ஆம் சங்கீதத்தின் தலைப்புகளில் வருகிற அதே எழுத்துகள்தான். கடைசி மூன்றையும் குழந்தைகூடக் கண்டுபிடிக்கும்: ஒரு முக்கோணம், நடுவில் கவட்டைக் குச்சி மாதிரி ஒன்று, மறுபடி ஒரு முக்கோணம். இந்த ஆறு எழுத்துக்கு முன்னால் ஒரு புள்ளி. பின்னால் ஒரு புள்ளி. அதாவது எழுதினவன் இதை ஒரே பெயராக எண்ணி எழுதியிருக்கிறான். நடுவில் எதற்குப் புள்ளி வைப்பான்?

மறுகேள்வி | காலை 8:26

ஒரே பெயர் என்றுதானே நானும் சொல்கிறேன்? ஒரே பெயர் என்றால் ஊர்ப் பெயர். பெத்லகேமை யாராவது ‘அப்பத்தின் வீட்டு ராஜவம்சம்’ என்று படிப்பார்களா? என் வாதத்தை எனக்கே பதிலாகத் திருப்பித் தருகிறீர்கள்.

எரிகோ படம் தவறு என்று அன்றே ஒப்புக்கொண்டேன். மோவாப் ராஜா மேசாவின் கல்வெட்டைப் பிரிட்டிஷ் மியூசியத்தில் கொண்டுபோய் வைத்தவர் நீங்கள். அது பாரிஸில், லூவ்ரில் இருக்கிறது. அதை நான் மறக்கவில்லை.

கல்லெழுத்து | காலை 8:49

அதைப் பத்தே நிமிஷத்தில் நானே திருத்தினேன். பிரிட்டிஷ் மியூசியத்தில் இருப்பது மூன்றாம் சல்மனேசரின் கறுப்புத் தூண். இரண்டையும் ஒரே பத்தியில் எழுதும்போது கை மாறிவிட்டது. இதை எத்தனை வருஷம் சொல்லிக் காட்டுவீர்கள்?

நல்லதாகப் போயிற்று, அந்தத் தூணையே எடுத்துக்கொள்வோம். இஸ்ரவேலின் ராஜா யெகூ கி.மு. 841-இல் அசீரிய ராஜாவுக்குக் கப்பம் கட்டினான். அவனுடைய ஆள் தரையில் நெற்றி படக் குனிந்திருக்கிற சிற்பம் அதில் இருக்கிறது. பக்கத்தில் அவனை ‘உம்ரியின் மகன்’ என்று எழுதியிருக்கிறார்கள். யெகூ உம்ரியின் மகனே இல்லை, உம்ரியின் வம்சத்தையே வெட்டிச் சாய்த்தவன்! அப்படியானால் ஏன் அப்படி எழுதினார்கள்? அசீரியருக்கு அந்த நாட்டின் பெயரே ‘பித் ஹும்ரி’, உம்ரியின் வீடு. ‘பித் அதினி’, ‘பித் அகுசி’ என்று சிரியா பக்கத்து ராஜ்யங்களையும் அதே கணக்கில்தான் சொன்னார்கள். வம்சத்தை நிறுவியவன் பெயரே நாட்டின் பெயர். அந்தக் காலத்து வழக்கம் அது.

நம்மூரில் ‘பண்ணையார் வீட்டுப் பிள்ளை’ என்றால் கட்டடத்தின் பிள்ளை என்றா பொருள்? ஏசாயா 7:13-இல் எபிரெயம் ‘தாவீதின் வீடு’ என்று சொல்கிற இடத்தைத் தமிழில் ‘தாவீதின் வம்சம்’ என்றுதான் பெயர்த்திருக்கிறார்கள். வேதாகமம் முழுக்கத் தேடுங்கள், ‘பெத் தாவீது’ என்று ஓர் ஊர் எங்கே இருக்கிறது?

இன்னொன்று. அந்த ஆறு எழுத்துக்கு முன்னால் உடைந்த ஓரத்தில் ஒரு ‘க்’ தெரிகிறது. ராஜா என்று பொருள்படும் ‘மெலெக்’ என்பதன் கடைசி எழுத்து அது. மேல் வரியில் ‘இஸ்ரவேலின் ராஜா’. கீழ் வரியில் ‘…வீட்டின் ராஜா’. இஸ்ரவேலுக்கு ஜோடியாக எந்த நாடு வரும்? யூதா. அண்டாவுக்கு எந்த ஊரில் ஐயா ராஜா இருந்தான்?

மறுகேள்வி | காலை 9:02

‘க்’ மட்டும்தான் இருக்கிறது. ‘மெலெ’ இல்லை. இல்லாததை நிரப்புகிறீர்கள். புள்ளி இல்லை என்றால் ‘தேவையில்லை’ என்கிறீர்கள், எழுத்து இல்லை என்றால் ‘இருந்திருக்கும்’ என்கிறீர்கள். உங்களுக்கு வசதியாக இருந்தால் இல்லாததும் சாட்சி.

நாகூர்க்கரை | காலை 9:40

ஸலாம் எல்லாருக்கும். எஸ்தர் அக்காவின் கோபம் எனக்குப் புரிகிறது. தாவூத் நபி (அலை) அவர்களை ‘கட்டுக்கதை’ என்று மேடையில் ஒருவர் சொன்னால் எங்களுக்கும் அதே வலிதான். ஜாலூத்தை (கோலியாத்தை) அவர் கொன்றது குர்ஆனில் 2:251-இல் வருகிறது. மலைகளும் பறவைகளும் அவரோடு சேர்ந்து துதித்தன, இரும்பு அவர் கையில் மென்மையாக்கப்பட்டது, போர்க்கவசம் செய்தார் என்றெல்லாம் வருகிறது. ஸபூர் வேதம் அவருக்கு அருளப்பட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் நோன்பு வைக்கிறவர்கள் இன்றும் அதைத் தாவூத் நபியின் நோன்பு என்றே சொல்வார்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அவரை ராஜா, ராஜா என்று பேசிவிட்டு அடுத்தவர் மனைவியை எடுத்தார் என்று ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்களே, அது எங்களால் ஏற்க முடியாதது. நபிமார்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை.

பாளை எஸ்தர் | காலை 10:05

தம்பி, நீங்கள் அன்பாகச் சொல்கிறீர்கள், நானும் அன்பாகவே சொல்கிறேன். உரியாவின் மனைவி பத்சேபாள் விஷயத்தை மறைத்தால், அதற்காகத் தாவீது அழுது பாடிய 51-ஆம் சங்கீதம் எங்கே போகும்? என் ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தினமும் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் அந்தச் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்லிவிட்டுத்தான் தீக்குச்சியை உரசுவார். விழுந்த மனுஷன் எழுந்து அழுதான் என்பதால்தான் அது ஆச்சி வாயில் இருந்தது. விழாத மனுஷனின் பாட்டு அவருக்கு எதற்கு?

மற்ற நாட்டு ராஜாக்கள் எல்லாம் கல்லில் ‘நான் வென்றேன், நான் கொன்றேன்’ என்று மட்டும்தான் எழுதுவார்கள். தங்கள் ராஜா உரியாவைக் கொல்ல யோவாபுக்குக் கடிதம் எழுதி, அந்தக் கடிதத்தை உரியா கையிலேயே கொடுத்தனுப்பினான் என்று எழுதிவைக்கிற ஜனங்கள் கதை கட்டுகிறவர்களா?

நாகூர்க்கரை | காலை 10:22

அக்கா, எங்கள் 38-ஆம் அத்தியாயத்தில் வழக்காளிகள் இருவர் அவரிடம் வருகிறார்கள். ஒருவரிடம் 99 பெண் ஆடுகள், இன்னொருவரிடம் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றையும் கேட்கிறார் என்று முறையீடு. தாவூத் நபி தீர்ப்புச் சொல்லிவிட்டு, தாம் சோதிக்கப்பட்டதை உணர்ந்து, மன்னிப்புக் கேட்டுப் பணிந்து விழுகிறார். அழுகை எங்களிடமும் இருக்கிறது. அடுத்தவர் மனைவி அதில் இல்லை. யூதர்களின் மார்க்க விளக்க நூலான தல்மூதிலேயே, ஷப்பாத் ஏட்டின் 56-ஆம் இதழில், ‘தாவீது பாவம் செய்தான் என்று சொல்கிறவன் தவறுகிறான்’ என்று ஒரு கருத்து இருக்கிறது. அப்படியானால் இது எங்கள் பிடிவாதம் மட்டும் இல்லை.

பாளை எஸ்தர் | காலை 10:30

தாவீதைக் கண்டிக்க வந்த தீர்க்கதரிசி நாத்தான் சொன்ன கதையிலும் ஒரே ஓர் ஆட்டுக்குட்டிதானே தம்பி! ஏழை அதைத் தன் மடியில் படுக்கவைத்து வளர்த்தான். அந்த ஆட்டுக்குட்டி உரியாவின் மனைவிதான். 99 என்று எண்ணிக்கை சொல்லிவிட்டு ஆடு யார் என்பதை விட்டுவிட்டால் எப்படி?

மறுகேள்வி | காலை 10:34

ஆடு மேய்த்தது போதும். புள்ளி எங்கே?

கல்லெழுத்து | காலை 11:15

புள்ளி, புள்ளி, புள்ளி. சரி, புள்ளியைப் பற்றியே பேசுவோம்.

தொல்காப்பியம் மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போய் அதிட்டானத்தில் (அடித்தளத்தில்) ராஜராஜனின் கல்வெட்டைப் பாருங்கள். மெய்க்குப் புள்ளி இருக்காது. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இருக்காது. ஓலைச்சுவடியிலும் அதே கதைதான். புள்ளி இல்லை என்பதற்காக யாராவது ராஜராஜன் இல்லை என்றார்களா? படிக்கத் தெரிந்தவன் படித்துக்கொள்வான் என்று எழுதினவனுக்குத் தெரியும். செமித்திய மொழி அறிஞர் ஆன்சன் ரெய்னி, டேவிஸுக்குப் பதில் எழுதும்போது இதைத்தான் சொன்னார்: சேர்ந்து வரும் பெயர்களில் பிரிப்புப் புள்ளி வேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

மறுகேள்வி | காலை 11:28

ஐயா, நீங்களே உங்கள் காலில் வெட்டிக்கொண்டீர்கள். பெரிய கோயிலில் எங்குமே இடைவெளி இல்லை, அதனால் அங்கே இல்லாததற்குப் பொருள் இல்லை. தெல் தாணில் எங்கும் புள்ளி இருக்கிறது, இந்த இடத்தில் மட்டும் இல்லை. எல்லா வீட்டிலும் விளக்கு எரிகிற தெருவில் ஒரு வீடு மட்டும் இருட்டாக இருந்தால் ஏன் என்று கேட்க மாட்டோமா?

கல்லெழுத்து | காலை 11:41

கேளுங்கள். ஆனால் அந்த வீட்டில் ஆளே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். முன்னால் புள்ளி, பின்னால் புள்ளி, ஒரே பெயர், பித் ஹும்ரி மாதிரி. இதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

யாழ் அன்னம் | பகல் 12:20

தம்பிமார், இடையில் வருவதற்கு மன்னிக்க வேண்டும். எனக்கு விளங்காதது ஒன்றுதான். ‘ராஜா’ என்று எவரைச் சொல்லிச் சண்டை பிடிக்கிறீர்கள்? எபிரோனில் ஏழு வருஷம், எருசலேமில் முப்பத்துமூன்று வருஷம் ஆண்டு, சுற்றியிருந்த மோவாப், ஏதோம், சிரியா எல்லாவற்றிலும் கப்பம் வாங்கிய பேரரசனா? இல்லை, மலைநாட்டில் ஒரு சின்ன ஊரைப் பிடித்து, தன் ஆட்களோடு ஆண்ட குறுநில மன்னனா? முதல் ஆள் வேறு, இரண்டாவது ஆள் வேறு. அந்தக் கல் இரண்டாவது ஆளுக்குப் போதும், முதல் ஆளுக்குப் போதாது. தொல்லியலாளர் இஸ்ரேல் ஃபிங்கல்ஸ்டீன் எழுதுவதும் ஏறக்குறைய அதுதானே? தாவீது இருந்தார், ஆனால் பெரிய ராஜ்யம் இருந்ததற்கு மண்ணில் சான்று போதாது என்று. இதை முதலில் பேசி முடித்தால் அரைவாசிச் சண்டை குறையும்.

கல்லெழுத்து | பகல் 12:31

பார்த்தீர்களா, ஃபிங்கல்ஸ்டீனே ‘தாவீது இருந்தார்’ என்கிறார்! சாலொமோனின் கட்டடங்கள் என்று சொன்னவற்றையெல்லாம் ஒரு நூற்றாண்டு கீழே இறக்கிய மனிதர் அவர். அவரே அந்த ஆறு எழுத்தைத் ‘தாவீதின் வீடு’ என்றுதான் படிக்கிறார். மறுகேள்வி இப்போது என்ன சொல்வார்? ஃபிங்கல்ஸ்டீனுக்கும் புள்ளி தெரியாதா?

மறுகேள்வி | பகல் 12:44

அன்னம் அக்கா சொன்னதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடுகிறீர்கள். மறுபாதி உங்களுக்கு எதிரானது. ஃபிங்கல்ஸ்டீன் ஒப்புக்கொண்டால் மட்டும் புள்ளி தானாக முளைத்துவிடுமா?

யெகூ பெயரை எடுத்தீர்களே, அதையும் கேட்கிறேன். 2 இராஜாக்கள் 9-இல் இஸ்ரவேலின் யோராமையும் யூதாவின் அகசியாவையும் கொன்றது யெகூ. யோராமின் உடலை நாபோத்தின் நிலத்தில் எறிந்தார்கள், அகசியா மெகிதோவில் செத்தான். இந்தக் கல்லிலோ ‘நான் கொன்றேன்’ என்று அரமேய ராஜா சொல்கிறான். அவன் ஆசகேல் என்றுதானே உங்கள் ஆட்களும் சொல்கிறார்கள்? கல் உண்மை என்றால் வேதம் பொய். வேதம் உண்மை என்றால் கல் பொய். இதில் எதை வைத்து எதை நிரூபிக்கிறீர்கள்?

பாளை எஸ்தர் | பகல் 1:10

ராமோத்தில் யோராம் அடிபட்டது ஆசகேலோடு நடந்த சண்டையில்தான். அதே 9-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது, மேலே வாசியுங்கள். அந்தக் காயத்தோடு யெஸ்ரயேலில் படுத்திருந்தவனைத்தான் யெகூ கொன்றான். எதிரி ராஜா ‘எல்லாம் என்னால்தான்’ என்று பெருமைக்கு எழுதிக்கொள்ள மாட்டானா? இன்றைக்கு யாரும் அப்படி எழுதவில்லையா?

மறுகேள்வி | பகல் 1:18

அப்படியானால் கல்லில் பெருமைக்குப் பொய் எழுதுவார்கள் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். நல்லது.

கல்லெழுத்து | பகல் 1:52

வென்றவன் தன் வெற்றியைப் பெரிதாக்குவான். இல்லாத நாட்டை வென்றதாக எழுத அவனுக்கு என்ன லாபம்? ‘நான் அண்டா வீட்டு ராஜாவைக் கொன்றேன்’ என்று எழுதினால் வாசலில் நிற்கிறவன் சிரிக்க மாட்டானா?

அந்தக் கல் எப்படிக் கிடைத்தது என்று யாரும் பேசுவதில்லை, அதனால் சொல்கிறேன். அகழாய்வில் அளவை வேலை பார்த்த கிலா குக், மாலைச் சாய்வெயிலில் கோட்டை வாசலுக்கு வெளியே ஒரு சுவரைப் பார்க்கிறார். ஒரு கல்லின் முகத்தில் நிழல் விழுந்து எழுத்து தெரிகிறது. நடுப்பகலில் பார்த்திருந்தால் தெரியாது. கல்வெட்டு படிக்கிற எவனுக்கும் இது தெரியும், உச்சிவெயிலில் எழுத்து ஒளிந்துகொள்ளும், சாய்வெளிச்சத்தில் எழுந்து நிற்கும். நான் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் படித்த கல் எத்தனையோ. தோற்றுப்போனவர்கள் மறுபடி ஊரைப் பிடித்ததும் எதிரியின் கல்லை உடைத்துத் தங்கள் சுவருக்குள் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். கி.மு. 732-ஐ ஒட்டி அசீரியர் இடித்த இடிபாடு அந்தச் சுவருக்கு மேலே கிடந்தது. 1994-இல் அதே கல்லின் வேறு இரண்டு துண்டுகளும் கிடைத்தன. அவற்றில்தான் ‘…ராம்’ என்றும் ‘…யாகு’ என்றும் பெயர்களின் கடைசிப் பகுதிகள் தெரிகின்றன. யோராம், அகசியா. இத்தனையும் ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்கும்போது ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்களே, இது ஆராய்ச்சியா?

மறுகேள்வி | பகல் 2:05

‘…ராம்’, ‘…யாகு’. பாதிப் பெயர்கள். மீதி உங்கள் கற்பனை. புள்ளி?

நெய்தல்நிலத்தான் | பகல் 2:40

கோலியாத்தைக் கொன்றதே தாவீது இல்லை என்று 2 சாமுவேல் 21:19-இல் இருக்கிறதாமே? எல்க்கானான் என்று ஒருவன் கொன்றதாக. அப்புறம் 1 நாளாகமம் 20:5-இல் அவன் கொன்றது கோலியாத்தின் சகோதரனை என்று மாறுகிறது. இதை யாரும் பேச மாட்டீர்களா?

கல்லெழுத்து | பகல் 2:51

அதற்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே பேச்சு 9-ஆம் வரி.

நெய்தல்நிலத்தான் | பகல் 2:55

பேச்சு தாவீதைப் பற்றி என்றுதான் தலைப்பில் இருக்கிறது. நீங்கள் எப்போது இந்த இழைக்குத் தலைவர் ஆனீர்கள்? கோலியாத்தின் உயரமும் அப்படித்தான். நம் வேதாகமத்தில் ஆறு முழமும் ஒரு சாணும். சாக்கடல் ஓரத்துக் கும்ரானில் கிடைத்த பழைய சாமுவேல் சுருளில் நான்கு முழமும் ஒரு சாணும். இரண்டு முழம் எங்கே போயிற்று? ஒரு புள்ளிக்கு இவ்வளவு நேரம் கொடுத்தவர்கள் இரண்டு முழத்துக்கு ஐந்து நிமிஷம் கொடுக்கக் கூடாதா?

நாகூர்க்கரை | பகல் 3:15

எங்கள் வேதத்தில் உயரமே சொல்லப்படவில்லை. கொன்றவர் தாவூத் நபி என்று மட்டும் தெளிவாக இருக்கிறது. எஸ்தர் அக்கா, அந்த ஆட்டு விஷயத்தில் நான் இன்னும் உங்கள் விளக்கத்தை ஏற்கவில்லை, சொல்லி வைக்கிறேன்.

யாழ் அன்னம் | பகல் 3:32

என் கேள்விக்கு ஒருவரும் மறுமொழி தரவில்லை. ஏலா பள்ளத்தாக்குக்கு மேலே கிர்பெத் கெயாபாவில் 2007-இல் இருந்து யோசேப் கார்பின்கேல் தோண்டினார். இரண்டு வாசல் வைத்த மதில் சூழ்ந்த ஊர். அங்கே எரிந்து கிடந்த ஒலிவக் கொட்டைகளின் காலக் கணக்கு கி.மு. 1000-ஐ ஒட்டி வருகிறது. அது யாருடைய ஊர் என்று பேசினால் ‘ராஜா’ என்பதற்கு ஓர் அளவு கிடைக்கும். அந்த ஆறு எழுத்தைச் சுற்றிச் சுற்றி வந்தால் என்ன கிடைக்கும்?

கல்லெழுத்து | பகல் 3:44

கெயாபாவும் நம் பக்கத்துச் சாட்சிதான். நன்றி, அம்மா. மறுகேள்வி, கேட்டீர்களா?

மறுகேள்வி | பகல் 3:50

அந்த அக்கா உங்கள் பக்கம் என்று எப்போது சொன்னார்? கெயாபாவில் தாவீது என்று ஓர் எழுத்து கிடைத்ததா? இல்லை. யாருடைய ஊர் என்று அங்கேயும் சண்டைதான். உங்களிடம் இருப்பது அந்த ஒரே கல். அந்தக் கல்லில் அந்த ஒரே இடம். அந்த இடத்தில் புள்ளி இல்லை.

பாளை எஸ்தர் | மாலை 5:20

நான் தங்கை மகனுக்கு என்ன சொல்வது என்றுதான் கேட்டேன். அவனுக்கு அந்தக் கல்லின் படத்தை அனுப்பினேன். இப்போது எருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் அந்த எழுத்துக்கு மட்டும் வெள்ளை தீட்டி வைத்திருக்கிறார்கள். அவன் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “ரெண்டு முக்கோணம் தெரியுது பெரியம்மா” என்றான். எனக்கு அது போதும். மேடையில் பேசினவர் ‘ஓர் ஓடு கூட இல்லை’ என்றாரே, அதை அவர் திருத்தியே ஆக வேண்டும். அந்தக் காணொளியின் கீழே எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

மறுகேள்வி | மாலை 5:31

அக்கா, தம்பிக்கு இதையும் சொல்லுங்கள்: அது தாவீதின் வீடாகவே இருந்தாலும், கல் எழுதப்பட்டது தாவீது காலத்துக்குச் சுமார் 130 வருஷம் கழித்து. வம்சத்துக்கு ஒரு பெயர் இருந்தது என்பதற்குத்தான் அது சாட்சி. ஆச்சி சொன்ன சங்கீதத்துக்கு அது சாட்சி இல்லை. பையனிடம் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பாளை எஸ்தர் | மாலை 5:38

என் ஆச்சிக்குக் கல் தேவைப்படவில்லை தம்பி. அதைப் பேச உங்களுக்கு உரிமை இல்லை.

கல்லெழுத்து | மாலை 6:14

காலையில் ஊர்ப் பெயர், அப்புறம் அண்டா, இப்போது ‘வீடாகவே இருந்தாலும்’. ஒவ்வொரு படியாக இறங்குகிறார், ஆனால் இறங்கினேன் என்று மட்டும் வாயால் சொல்ல மாட்டார். எரிகோ இழையிலும் இதே வேலைதான்.

இன்னும் ஒரு கல் இருக்கிறது. மேசாவின் கல், 31-ஆம் வரி. அங்கேயும் ‘தாவீதின் வீடு’ இருக்கிறது என்று கல்வெட்டறிஞர் ஆந்த்ரே லெமேர் 1994-இல் படித்தார். அதைப் பற்றி ராத்திரி விரிவாக எழுதுகிறேன். என் டிரேசிங் தாளையும் படம் எடுத்துப் போடுகிறேன், 9-ஆம் வரி முழுதும் தெரிகிற மாதிரி. அதுவரைக்கும் லூவ்ர் என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

மறுகேள்வி | மாலை 6:20

31-ஆம் வரியில் அந்த முதல் ‘டாலெத்’ கல்லில் தெரிகிறதா, லெமேர் நிரப்பியதா? 2019-இல் உங்கள் ஃபிங்கல்ஸ்டீனும் இன்னும் இரண்டு பேரும் அதை ‘பாலாக்’ என்ற மோவாப் ராஜாவின் பெயராகப் படித்தார்களே, அதையும் ராத்திரி எழுதுவீர்களா?

கல்லெழுத்து | மாலை 6:23

பகலில் அவர் பெயரைச் சொன்னபோது ‘அவர் ஒப்புக்கொண்டால் மட்டும் போதுமா’ என்றீர்கள். இப்போது அவரையே துணைக்கு அழைக்கிறீர்கள். ராத்திரி வாருங்கள்.